முதுசொம் தேடிப் போனது

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த மறு வருஷம். தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு குளிக்கப் போன தோணிகள் திரும்பிவிட்டன. 'ஹெரிடேஜ்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு நல்ல தமிழ் தேடி, நோட்டும் பென்சிலுமாக அலைகிறேன். மணலில் ஒரு கருங்கல் கிடக்கிறது. நடுவே துளை, அதில் கயிறு. பூட்ஸ் காலை அதன்மேல் ஊன்றி, முழங்காலில் நோட்டை வைத்துக்கொள்கிறேன்.

"தகப்பன் வழியா வர்ற பொருள இங்க என்னன்னு சொல்லுவீங்க?"

குளிகாரர் சூசை உடம்பில் ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறார். "முதுசம்னு சொல்லுவோம்யா."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அது முதுசொம், 'முது' என்றால் பழையது, 'சொம்' என்றால் சொத்து என்று அவருக்கே பாடம் நடத்துகிறேன். இங்கிலீஷ் சொல்லும் வாரிசு என்று பொருள்படும் வேரிலிருந்து வந்ததுதான் என்கிறேன். சூசை என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸையே பார்க்கிறார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்.

"கோவிச்சுக்கிடாதீகய்யா. அது எங்கப்பா மிதிச்சுக்கிட்டு கடலடிக்கு முங்குன கல்லு. கடல்ல சிலுவை போட்டுக்கிட்டுத்தான் அதுல கால் வைப்போம். கரையில யாரும் வைக்க மாட்டோம்."

காலை இழுத்துக்கொள்கிறேன். காது மடல் எரிகிறது. பூட்ஸிலிருந்த தெருச் சேறு கல்லில் அப்பியிருக்கிறது. சூசை தலைத்துண்டை அவிழ்த்துத் துடைக்கிறார். என் கைக்குட்டையோடு நானும் குனிகிறேன். அவர் கல்லை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.

"இருக்கட்டும். நீங்க எழுதுங்கய்யா."