சிவப்புக் கம்புக்கு அப்பால் விழுந்த முளை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்துக் காலை. பளையில் இருந்து உள்ளே போகும் ஒரு மணல் பாதையில் எங்கள் கார் நின்றுபோனது. கார் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் அது. வீட்டில் அதற்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை என்று அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். ஆனால் அன்றைக்குப் பின் இருக்கையில் மச்சாள் இருந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுப்பவர். முந்திய முறை காய்ச்சலால் போக முடியாமல் போய்விட்டது. இந்த முறையும் தவறினால் நெஞ்சுக்குள் நீர் கட்டிவிடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முகம் ஏற்கெனவே ஊதியிருந்தது. கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. இந்த நிலையில் பஸ் வேண்டாம், நாங்களே வந்து ஏற்றுகிறோம் என்று கிளிநொச்சியில் இருந்து விடியவே புறப்பட்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் கார் ஒரு பள்ளத்தில் குதித்தது. அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு எந்தக் கியரும் விழவில்லை. லீவர் மட்டும் சட்டிக்குள் அகப்பை போலச் சும்மா சுழன்றது.

கணவர் ஜக் அடித்துக் காரைத் தூக்கி, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் புகுந்தார். லீவரில் இருந்து வரும் கம்பி, கியர்ப் பெட்டியோடு சேரும் மூட்டில் முறுகிப்போய்க் கிடக்கிறதாம். அந்த மூட்டைக் கோத்து வைத்திருக்கும் விரல் நீள இரும்பு முளையைக் கழற்றினால்தான் கம்பியை நேராக்கலாம். சின்ன வேலை என்றார். அவருடைய சின்ன வேலைகளை நான் அறிவேன்.

அதற்கு முந்திய மாரியில் எங்கள் முற்றத்தில் வெள்ளம் நின்றபோது அந்தக் காரும் அதற்குள்தான் நின்றது. முளை நன்றாகத் துருப்பிடித்திருந்தது. ஒயில் ஊற்றினார். தட்டினார். திருகினார். அது அசைந்தால்தானே. கடைசியில் பெட்டிக்குள் கிடந்த முனை மழுங்கிய பெரிய ஆணி ஒன்றை அதன் தலையில் வைத்து, சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்.

நான் இதற்குள் பளையில் தெரிந்த ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் கிளிநொச்சியில் நின்றார்.

"வாறன் அக்கா, ஆனா வந்து சேரச் சுணங்கும்" என்றார்.

வேறு வாகனம் எதுவும் அந்தப் பாதையில் வரவில்லை. மச்சாள் கதவைத் திறந்து வைத்து, முன்னிருக்கையைப் பிடித்தபடி குனிந்து இருந்தார். சாய்ந்தால் மூச்சு முட்டியது. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் நடுவில் அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. விசிறுவதற்கு என் கையில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு. விசிறினேன், விசிறிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முள்ளுக்கம்பி அடித்த தென்னங்காணி. மற்றப் பக்கம் தலையில் சிவப்பு அடித்த சின்னக் கம்புகள் வரிசையாக நட்டிருந்தன. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கம்புகளுக்கு உள்ளே மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை என்று அர்த்தம். உள்ளே விழுந்த தேங்காய்களைப் பொறுக்க யாரும் போவதில்லை. அவை விழுந்த இடத்திலேயே குருத்து விட்டு நின்றன. அந்தப் பாதையால் போகிறவர்கள் வேண்டாத எதையும் அந்தப் பக்கம்தான் எறிவார்கள். வெறும் போத்தல், அறுந்த செருப்பு, கிழிந்த சாக்கு. எறிந்தால் எறிந்ததுதான், பிறகு அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

வெயில் ஏறிவிட்டது. திடீரென்று கணவர் "விட்டிட்டுது!" என்று கத்தினார். முளை கழன்று விழ, ஆணி அது இருந்த துளைக்குள் போய் நின்றதாம். ஆணியை உருவி வெளியே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு முளையோடு அவரும் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிறீஸ், கை விரலில் இரத்தம். அந்தத் துருப்பிடித்த சனியனை ஒரு தரம் பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் என்ரை உயிரை எடுத்தாய் என்ன?" என்று அதைத் திட்டிவிட்டு, வீசி எறிந்தார். எல்லோரும் எறிகிற பக்கம்தான். கை பழகிய பக்கம்.

பெட்டிக்குள் அதே அளவில் பொல்ட் ஒன்று கிடக்கிறது என்ற துணிவில்தான் எறிந்தார். திரும்ப அடியில் புகுந்து கம்பியை நேராக்கிப் பொல்டை வைத்துப் பார்த்தால், அது துளையை விடத் தடிப்பு. இருந்த மற்ற பொல்ட்டுகளையும் பார்த்தார். ஒன்று நீளம் போதாத கட்டை, ஒன்று அதைவிடத் தடிப்பு. வெளியே வந்து நின்றார். அவர் கண் போன பக்கம் நானும் பார்த்தேன். சிவப்புக் கம்புக்கு அப்பால், காய்ந்த புல்லில், முளை எங்களுக்குத் தெரிகிற மாதிரிக் கிடந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம்.

தடியால் இழுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மண்ணில் வளர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள்; தடி உரசினாலும் மிதிவெடி வெடிக்கலாம்.

"உதிலை மாட்டுச் சாணம் கிடக்குது பார்" என்றார் மெதுவாக. "மாடு போய் வருது. நான் பார்த்துப் பார்த்துக் காலை வைப்பன்."

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 'போகாதைங்கோ' என்று கத்த வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பின்னால் மச்சாள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் போகாதே என்றால் அதற்கு என்ன அர்த்தம்? என் புருஷன் எனக்கு முக்கியம், உங்கள் உயிர் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றுதானே அவர் காதில் விழும்? வாழ வந்தவள் நான். அந்தச் சொல் ஒருமுறை வெளியே வந்தால் பிறகு அதை எந்த வாய்க்குள் திருப்பிப் போடுவது? கையிலிருந்த ஆணியை இறுக்கிப் பிடித்தபடி ஊமை போல நின்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். கம்புகளுக்கு நடுவில் போனார். ஒரு காலைத் தூக்கினார்.

"தம்பி."

திரும்பிப் பார்த்தேன். மச்சாள் காரை விட்டு இறங்கி, வெறுங்காலோடு சுடுமணலில் நின்றார். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

"காலை எடு. நீ உள்ளை வைச்சியெண்டால், இண்டைக்கு மட்டுமில்லை, இனி ஒருநாளும் நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன்."

"அக்கா, உங்களுக்கு மூச்சு…"

"என்ரை மூச்சு எனக்குத் தெரியும். காலை எடு எண்டுறன்."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பிறகு பின்பக்கமாக, பாதை மணலில் வந்து பதிந்தது. நான் அப்படியே காரில் சாய்ந்து, வியர்த்த கையைச் சேலையில் துடைக்க விரித்தேன். உள்ளங்கையில் ஆணி. பிடித்த பிடியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

முளையைத் தள்ளிக்கொண்டு அதே துளைக்குள் போன ஆணி அல்லவா அது!

"இஞ்சேருங்கோ" என்று நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். நான் என் சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். துணியை ஆணியில் சுற்றி, துளைக்குள் இறுக்கி அடித்து, மறுபக்கம் நீட்டிய முனையைச் சுத்தியலால் வளைத்துவிட்டார். முதல் கியர் முனகிக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். காருக்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

வந்த வழியான ஆனையிறவுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், யாழ்ப்பாணம் வரைக்கும் உருட்டி உருட்டிக் கொண்டு போனோம். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். நல்ல வேளை, மச்சாளுக்குப் பின்னால் வரவேண்டியவரை முதலில் படுக்க வைத்து, அவருக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்கள். "இவ்வளவு சுணங்கி வரலாமோ அம்மா?" என்ற தாதி, அவருடைய மூச்சைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பின்னேரம், முகத்து வீக்கம் வற்றிப்போய் மச்சாள் கட்டிலில் படுத்திருந்தார். கணவர் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். மச்சாள் என் கையைப் பிடித்து, ஆணித் தடத்தைத் தடவினார்.

"நீ ஏன் வாய் திறக்காமல் நிண்டனி எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "திறந்திருந்தாலும் நான் கோவிச்சிருக்கமாட்டன். அவன் எனக்கும்தானே தம்பி."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் அந்தக் காணித் துண்டைத் துப்புரவாக்கி, சிவப்புக் கம்புகளையும் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே இருந்து மிதிவெடி எடுத்திருக்கினமாம் என்று மச்சாள் போனில் சொன்னார். எத்தனை, எந்த இடத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காருக்குப் புது முளை போட்டாயிற்று. வளைந்த ஆணியைக் கணவர் எறியப் பார்த்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போதும் வீட்டில் ஒரு சொல்லைச் சொல்லலாமா, யார் என்ன நினைப்பார்களோ என்று வாய் தயங்கும்போதெல்லாம் அந்தத் தூக்கிய கால்தான் என் கண் முன்னால் வருகிறது. உடனே சொல்லிவிடுகிறேன்.