தலை எண்ணெய்க் கறை

ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயிண்டர் தயாளன் அடித்த சுவரில் ஒரு புள்ளி கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமான கை. அந்தக் கைதான் பெற்ற மகள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

மகள் அபிகாயில் நாவலூரில் ஒரு கேம் கம்பெனியில் இருக்கிறாள். கம்ப்யூட்டருக்குள்ளே வீடு கட்டுகிற வேலை. விளையாடுகிறவன் கதவைத் திறந்து உள்ளே போய் நிஜ வீடு மாதிரியே சுற்றி வரலாம். வேலை நிரந்தரமாகணும்னா, ஒரு அறை முழுசா அவளே செஞ்சு காட்டணும். சொந்த வீட்டு ஹாலையே எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஹாலைப் போட்டோ எடுக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனாள். போட்டோன்னு காதில் விழுந்த பிறகு மனுஷன் சும்மா இருப்பாரா? அவள் திரும்புவதற்குள் ரெண்டு கோட் அடித்து முடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அந்தப் புதுச் சுவரையே போட்டோ எடுத்து, மூணு வாரம் உழைத்தாள். ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கிற அனந்தகிருஷ்ணன், அவள் செய்த அறையைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா. ஆனா ஆளே குடிவராத வீடு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா கஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தாள். "பெயிண்டுக்கு அடியில இன்னாப்பா இருந்துச்சு?"

"இன்னா இருக்கும்? உங்கப்பன் தலை எண்ணெய்தான். இருவது வருசமா அங்க நாற்காலி போட்டு சாஞ்சுதான டீவி பாக்கறேன்."

அபிகாயில் அந்தப் பழைய சுவர் தெரிகிற கிறிஸ்துமஸ் போட்டோக்களைத் தேடி எடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை அப்பா முன்னால் வைத்தாள். தயாளன் குனிந்து பார்த்தார். அவருடைய ஹால். சுவரில் ரோலர் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு. அவள் விரலை நகர்த்தினாள். ஜன்னல் வெயில் தரையில் ஊர்ந்தது. கம்பி நிழல் வளைந்து சுவர் ஏறியது. மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்க, நாற்காலிக்கு மேலே அந்த எண்ணெய்க் கறை மட்டும் லேசாக மினுமினுத்தது. முப்பது வருசம் சுவரோடவே கிடந்தவர், வெயில் ஒரு சுவரைத் தொடுகிற விதத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"யம்மா, வெயிலைக் கூடவா கையில வெச்சிருக்கே?"

முதுகுக்குப் பின்னால், லேப்டாப்பை எட்டிப் பார்த்த அவர் பெண்டாட்டி ஞானசௌந்தரி குரல். "மனுசனாய்யா நீ? பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் கூட ஆவல, அதுக்குள்ள தலையச் சாச்சிட்டியா?" ஈரத்துணியோடு சுவருக்குத் திரும்பினாள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அனந்தகிருஷ்ணன் அந்த அறைக்குள் ரொம்ப நேரம் சுற்றினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த நாற்காலியில யாரும்மா உக்காருவாங்க?"

"எங்கப்பா சார்."

திங்கட்கிழமை அபிகாயில் கையில் வேலை நிரந்தரமான ஆர்டர். தயாளன் தினமும் நல்லா எண்ணெய் வைத்துக்கொண்டு அதே இடத்தில் சாய்கிறார். எழுந்ததும் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார். கறை இன்னும் ஏறவில்லை.