புஷ்பா அக்காவின் பச்சைப் பின்

செய்தி வந்தபோது நான் ஒரு தட்டு நிறைய உதிரிப் பாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "நம்ம பேக்கிங் புஷ்பா அக்கா காலையில வீட்லயே தவறிட்டாங்க." தட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பழுதை ஒதுக்கி, மற்றதை நகர்த்துவதுதான் என் வேலை. அன்றும் கை அதையே செய்தது.

கூலாயிலிருந்து செனாய் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் அக்காவோடு வந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு விருந்தில் கித்தார் வாசித்தவர், இடைவேளையில் பாட்டுக் கேட்டால் மறுக்காதவர். எல்லாருக்கும் அது தெரியும். நான் எழுத நினைப்பது அந்தக் கித்தாரின் ஆறு பின்களைப் பற்றி. கம்பியின் நுனி துளைக்குள்ளிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன முளைகள். பெரும்பாலானோர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டு பழுப்பு, இரண்டு தந்த நிறம், ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. அந்தப் பச்சைதான் என் கண்ணை மிகவும் உறுத்தியது.

"எதக்கா தொலச்சீங்க?" என்று முதல் தடவை கேட்டேன்.

"எதையும் தொலைக்கலமா. நானே பொறுக்கி எடுத்தது."

நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் ஜொகூர் பாருவில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கறுப்புப் பின் விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் உதிரிப் பின்கள் கிடந்த பிஸ்கட் டின்னைத் தூக்கிக் கொடுத்தார். அக்கா உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கித்தாரில் வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்தார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "சாமா சஜா லா," எல்லாம் ஒன்றுதான் என்று மலாயில் சொன்னார். எல்லாம் ஒரே சத்தம்தான் தரும் என்றும் சொல்லிப் பார்த்தார். அக்கா நிமிரவில்லை. என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார்: "சத்தத்துக்குத்தான் காது இருக்கே. இது கண்ணுக்கு." ஒரு மணி நேரம் கழித்து வேறொரு கறுப்போடு வெளியே வந்தோம். எனக்குப் பசியில் உயிர் போனது.

அடுத்து நான் செய்ததை நீங்கள் யாரும் அறிய மாட்டீர்கள். ஆண்டு விருந்துக்கு முன் கம்பி மாற்றித் தருவதாகக் கித்தாரை வாங்கிப் போனேன். அவருக்குப் பிறந்தநாள் வரவிருந்தது. வெள்ளைப் புள்ளி வைத்த கருங்காலிப் பின்கள், ஆறும் ஒரே மாதிரி, வாங்கிப் பொருத்தினேன். பழையவற்றை ஒரு சிறு பைக்குள் போட்டு, கைப்பழக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கரையும் ஒட்டி, கித்தாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் பிரிவில் கழித்துக்கட்டிய பொருளுக்கு ஒட்டுவது அது.

விருந்தில் அக்கா அந்தப் புதுப் பின்களோடே வாசித்தார். மறுநாள் பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாதான் இருந்துச்சி. ஆனா யாரோட கித்தாருன்னு தெரியல," என்றார். பிறகு ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, "ரிஜெக்ட்டா நானு?" என்று கேட்டார். இரண்டு வாரம் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பச்சை பொருந்தவில்லை என்ற என் கருத்து மாறவில்லை. மன்னிப்புக் கேட்டபோது அதையும் சேர்த்தே சொன்னேன். "அப்படியே இருந்துக்கோ, யாரு வேணாங்கிறா?" என்று சொல்லி, வந்து உட்கார்ந்தார். கித்தாரில் பழைய பின்களையே திரும்பப் பொருத்திக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பச்சையைப் பற்றி வாரம் ஒருமுறையாவது சண்டை போட்டோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல்நாள் அவர் கணவர் மணியம் அண்ணன் கூப்பிட்டார். படத்துக்குப் பக்கத்தில் கித்தாரை வைக்க வேண்டும், கம்பி மாட்டத் தெரியவில்லை என்றார். போனேன். ஆறு பின்களும் ஒரு சாஸரில் கலந்து கிடந்தன. அருகில் புதிய வெள்ளைச் செட் ஒன்று.

"இதப் போட்டுரும்மா. வர்றவங்க பாத்தா, ஒரு செட்டுகூட வாங்கித் தரலன்னு நெனப்பாங்க."

எவ்வளவு காலமாக அந்த எண்ணம் அவருக்குள் இருந்ததோ. என் கண்ணுக்கும் அந்த வெள்ளைதான் சரி. சரி என்று தலையாட்டியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும், கித்தாரும் அழகாக இருந்திருக்கும். நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றும் அக்கா தேடி எடுத்தது என்றேன்.

"எங்கிட்ட சொன்னதே இல்லியே." சாஸரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு புதிய செட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எது எங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. கழட்டிட்டேன்."

எனக்குத் தெரியும். தடித்த கம்பியிலிருந்து தொடங்கினால் பழுப்பு, பழுப்பு, தந்தம், பச்சை, தந்தம், கறுப்பு. அவர் வாசிப்பை ரசித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வரிசை என் ஒருத்திக்குத்தான் மனப்பாடம். அதை வாராவாரம் குறை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே. ஒரு கம்பியும் தவறாமல் மாட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்தவர்கள் அந்த நிறங்களைப் பார்த்து என்ன அழகு, என்ன ரசனை என்றார்கள். போனவரோடு எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சண்டையில் என் பக்கம் மட்டும்தான். அந்தப் பச்சை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, அக்கா.