பகிடியில்லை, அந்தோனியைக் காணவில்லை

யேசுவில் பிரியமான சகோதரங்களே, போன நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை என் புருஷன் கடலில் காணாமல் போனார். நான் உதவி கேட்டு அழுதேன். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கற்பிட்டிக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். இணையத்தில் சனத்தைச் சிரிக்கவைக்கிற பகிடி வீடியோ போடுகிறவள். எழுதுவதும் நான், நடிப்பதும் நான். மீன்காரன் பெண்சாதியாக வருவேன். ஒப்பாரி வைப்பேன், நெஞ்சில் அடிப்பேன், மணலில் விழுந்து புரளுவேன். இத்தாலியில் இருக்கிற எங்கட சனம்கூட வேலை முடிந்து வந்து அதைத்தான் பார்க்குமாம். அந்தப் பெண்சாதிக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பழைய காலத்துப் பெண்கள் போல அவள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், "புருஷன்ட பேர் என்ன?" என்று கேட்பார்.

"கோயில்ல நிக்கிறாரே ஐயா, கையில பாலனை வச்சுக்கொண்டு."

சூசையப்பரைச் சொல்கிறாள் என்று கிளாக்கர் சூசை என்று எழுதுவார்.

"ஐயோ, அவரில்ல! மற்றவர். செவ்வாய்க்கிழமைக்காரர். துலைஞ்ச சாமானெல்லாம் எடுத்துக் குடுப்பாரே!"

அந்தோனி என்று ஒரே சொல்லில் முடிகிற கதையை வருஷக்கணக்காக இழுத்தேன். என் புருஷனின் உண்மைப் பெயரும் அதுதான். அவர் போனைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பார். சில வீடியோக்களில் படம் ஆடுவது அதனால்தான்.

அவர் காணாமல் போன அன்றைக்குக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். இவர் பின்னேரம் தனியே வள்ளத்தை இறக்கினார். விடிய மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. இவருடையது வரவில்லை. வாடைக்காற்று பலமாக எழும்பியிருந்தது. எஞ்சின் நின்றால் அந்தக் காற்று வள்ளத்தை மேற்கே ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். இது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேடிப் போன வள்ளங்கள் அலை தாங்காமல் திரும்பின. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்தோம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

வெளிக்கடலில் நாட்கணக்காகத் தங்கி மீன்பிடிக்கிற பலநாள் படகுகள் நிற்கும், வள்ளம் அவர்கள் கண்ணில் படலாம், கரையில் அவர்களின் வீட்டுக்காரர் யாராவது என் வீடியோவைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். போனைத் தூக்கி, வீடியோ போடுகிற என் இணையப் பக்கத்தில் அழுதேன். வள்ளத்தின் நிறம், எஞ்சின், போன திசை, என் போன் நம்பர் எல்லாம் சொன்னேன். தமிழிலும் சொன்னேன், தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிக்கிற முகங்கள் வந்து விழத் தொடங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல, மழை மாதிரி. "அக்கா, இந்த முறை அழுகை அந்த மாதிரி, சூப்பர்!" "கண்ணீருக்கு என்ன பூசினீங்க?" "ரெண்டாம் பாகம் எப்ப?" கீழே நான் "இது உண்மை, பகிடியில்லை" என்று எழுதினேன். அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். சகோதரங்களே, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அழுது காட்ட என்னிடம் புதிதாக ஒரு அழுகை இல்லை. இருந்த எல்லாவற்றையும் பகிடிக்குச் செலவழித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா வந்து என் கையிலிருந்த போனை வாங்கிக் கதிரையில் வைத்தார். அவருடைய புருஷன் கடலுக்குப் போய்ப் பல வருஷம். இன்றைக்கும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அவரைக் கண்டதும் எனக்கு இன்னும் பயம் பிடித்தது. அவர் என் அருகில் முழங்காலில் நின்று செபமாலையைத் தொடங்கினார். எனக்குச் செபமாலை மந்திரம் வாயில் வரவில்லை. இதுதான் வந்தது: "ஆண்டவரே, நான் பொய்யழுகை அழுகிறவள். இதை மட்டும் யாராவது ஒருத்தர் நம்பட்டும். ஒருத்தர் போதும்."

செபமாலை முடியுமுன் போன் அடித்தது. சிலாபத்திலிருந்து ஒரு சிங்களப் பெண், தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தாள்.

"அக்கே, இது பகிடி இல்ல நே?"

"இல்லம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க மஹத்தயாட பேர், புருஷன்ட பேர் சொன்னீங்க. அந்தோனின்னு சொன்னீங்க. வீடியோவில ஒருநாளும் சொன்னதில்ல நே. எனக்குப் பயம் வந்திச்சு."

நான் சொன்னேனா? எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தேன். "அந்தோனியைக் கண்டால் சொல்லுங்கோ, அந்தோனி தனியப் போனவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆண்டவர்தான் என் வாயில் அதை வைத்தார் என்று நான் விசுவசிக்கிறேன்.

அந்தப் பெண்ணின் புருஷன் அந்நேரம் பலநாள் படகில் மேற்கே நின்றார். அவள் கரையிலிருந்து ரேடியோவில் சொல்லுவித்தாள். அவர்கள் வலையை மேலே இழுத்து ஏற்றிக்கொண்டு தேடப் புறப்பட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவள் மறுபடி போன் எடுத்தாள்.

"அக்கே, வள்ளம் கண்டிருக்காங்க."

"ஆள்?"

"தெரியாது அக்கே. கிட்டப் போகல்ல இன்னும்."

அந்த இடைவெளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்லத் தெரியாது. மெற்றில்டா அக்கா என் கையைப் பிடித்த பிடியில் அவருடைய நகம் பதிந்திருந்தது. திரும்பப் போன் அடித்தது.

"அக்கே! ஆள் இருக்கு! தண்ணி கேக்கிறாராம்!"

வந்து சேர்ந்தபோது உதடு வெடித்து, கண் உள்ளே போய், பாதி மனுஷனாக இருந்தார். ஆனால் உயிரோடு வந்தார். ஆண்டவரே, உமக்குக் கோடி நன்றி.

அதற்குப் பிறகு நான் வீடியோ போடவில்லை. இனிமேல் அழுது விளையாடக்கூடாது என்று ஆண்டவர் சொல்லிவிட்டார் என நினைத்தேன். மெற்றில்டா அக்காவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தன் புருஷனுக்காக அதே செபமாலையை அவரும் சொன்னவர்தானே. எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய வீட்டைக் கடக்காமல் சுற்றிப் போனேன்.

அக்காதான் ஒருநாள் வந்தார்.

"ஏன் பிள்ள, என்னக் கண்டா ஒளிக்கிறாய்?"

அழுதேன். என் மனதில் இருந்ததைச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசர்க்கதை கதையாத. அண்டைக்கு முழங்கால்ல நிண்டது நீ மட்டுமா? நானும்தான் கேட்டனான். எத்தனையோ வருசமாக் கேட்டுக் கேட்டு, அண்டைக்குத்தான் ஆண்டவர் எனக்கு ஓம் எண்டவர். உன்ட மனுசன் வந்தது என்ட செபத்துக்கும்தான்."

பிறகு கதிரையை இழுத்து இருந்தார். "நீ வீடியோ போடாம வீட்டில எனக்குப் பொழுது போகுதில்ல. ஏதாவது எழுது."

அன்றைக்கே ஒரு பகிடி எழுதினேன். இப்போது என் இணையப் பக்கத்தில், கடலுக்குப் போய்க் காணாமல் போகிறவர்களுக்காக உதவி கேட்கிற செய்தியும் போடுகிறேன். அந்த நேரம் தலையில் முக்காடு போட்டு, பகிடி உடுப்பில்லாமல் வருவேன். யாரும் சிரிப்பதில்லை.

சகோதரங்களே, பயத்தில் வாய் அடைத்துப் போயிருக்கிறவர்கள் இங்கே இருந்தால் நம்பிக்கை இழக்காதீர்கள். தனியே இருந்து அழாதீர்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேட்டது கிடைக்காத ஒருத்திதான் எனக்காகக் கேட்டாள். நான் இப்போது தினமும் அவளுக்காகக் கேட்கிறேன்.