கமலா மன்னியின் மாத்திரை

2002 ஆவணியில் என் இடது மார்பை எடுத்தார்கள். வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அம்பாள் என்னைக் காப்பாற்றினாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நாங்கள் கேட்டதை அவள் கொடுக்கவில்லை. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இது அனுபவம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

நான் கொல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விடுப்பு விதி, ஓய்வூதிய விதி, எந்தப் பத்தியில் எந்த உட்பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாக எந்த விண்ணப்பம் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன் இப்படி யாருக்காவது கொடுத்திருக்கிறோமா? கொடுத்திருந்தால் இவருக்கும் கொடு. இல்லையென்றால் அவர் ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்கட்டும். யோசிக்கும் சிரமமே யாருக்கும் கிடையாது.

பவானிபூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவி கமலா மன்னிக்கு 1996-இல் இதே வியாதி வந்தது. அதே நர்சிங் ஹோம், அதே சர்ஜன். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருடம் ஒரு மாத்திரை. மன்னி பிழைத்ததோடு நிற்கவில்லை, இரண்டு சுற்றுப் பெருத்தும் போனாள். ஆக, முன்னுதாரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சர்ஜன் எனக்கும் அதே மாத்திரையை எழுதினார். "உங்கள் வீட்டுக்குப் பழகிய மருந்துதானே" என்று சிரித்தார்.

எங்கள் வெள்ளிக்கிழமைப் பாராயணக் குழுவிலும் அலுவலக நடைமுறைதான். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும், முன்பு அதே கஷ்டத்திலிருந்து மீண்டவரின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் சேர்ந்து வேண்டுவோம். இன்னாரின் பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி இவள் பெண்ணுக்கும். எனக்காக வேண்டியது: "தாயே, கமலாவுக்குக் கொடுத்ததை சாரதாவுக்கும் கொடு." நானும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து சொன்னேன்.

சில வாரத்தில் கை வீங்கியது. அதற்காகத்தான் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டாள். வங்காளத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"மாஷிமா, எந்த வகை?"

"மார்பகப் புற்றுநோய். எழுதியிருக்கிறதே."

"அது இருக்கிற இடம். நான் கேட்பது வகை."

கமலா மன்னியின் கதையைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"அவங்களுக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தம்கூட இல்லையே, மாஷிமா. கல்யாண சம்பந்தம்தானே? கட்டிக்கு அது தெரியுமா?"

பிறகு பொறுமையாக விளக்கினாள். பெயர் ஒன்று, வியாதி பல. சில கட்டிகள் உடம்பில் ஊறும் பெண் ஹார்மோனைத் தின்று வளரும். அந்தச் சாப்பாட்டை மறிப்பதுதான் மன்னியின் மாத்திரை. சில கட்டிகளின் மேல் ஒரு புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அவற்றின் போக்கு வேறு. இரண்டிலும் சேராதவையும் உண்டு. அவற்றுக்கு இந்த மாத்திரை வெறும் சுண்ணாம்புக்கட்டி. கீமோ ஒன்றுதான் வழி. அதையும் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அந்தக் கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டது. நர்சிங் ஹோமில் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதைக் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்கிறேன் என்றாள்.

நர்சிங் ஹோமுக்குப் போனேன். முதல் நாள், துண்டு இங்கே இல்லை என்றார்கள். மறுமுறை, பரிசோதனை டாக்டர் லீவில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் துர்கா பூஜை வருகிறது, பூஜை முடிந்து வாருங்கள் என்றார்கள். எனக்குத் தெரியாத நடைமுறையா? விண்ணப்பம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். முத்திரை அழகாக விழுந்தது. துண்டு வரவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். "மன்னிக்கு ஆச்சோல்லியோ, உனக்கும் ஆகும். சும்மாக் கிளறாதே" என்றார் என் கணவர். மன்னியோ மூச்சு வாங்க மாடியேறி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, அப்போ நான் பொழைச்சது தப்பா?"

"அப்படிச் சொல்லலை மன்னி. உங்களுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேறயா இருக்கலாம்னு சொல்றா."

"எல்லாம் ஒண்ணுதான். ஆபீஸ்ல இருந்தவளோன்னோ, எல்லாத்துலயும் வேற வேறன்னு பிரிக்கத்தான் தெரியும் உனக்கு."

எழுந்து போய்விட்டாள். நான் அறையில் இருந்தேன். கையில் மாத்திரை. விழுங்கினால் அது மருந்தா சுண்ணாம்பா தெரியாது. விழுங்காவிட்டால் என்ன ஆகும் தெரியாது. உள்ளே ஒன்று வளர்கிறதா இல்லையா, அதுவும் தெரியாது. உடம்பு என்னுடையது, அதில் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க மூங்கில். தப்பிப் போக நினைத்தாலும் வழி கிடையாது.

அன்று மத்தியானம் விளக்கேற்றினேன். வழக்கமான வேண்டுதல் வாய் வரை வந்து நின்றுவிட்டது. மன்னியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. திரியைத் தூண்டிவிட்டுச் சொன்னேன்: "தாயே, மன்னியோடது வேண்டாம். எனக்கு வந்திருக்கறது எதுவோ, அதைக் காட்டு." அழுகைகூட வரவில்லை. யாருடைய உதாரணத்தையும் இணைக்காமல் நான் அவளிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை கதவைத் தட்டினது கமலா மன்னி. பட்டுப்புடவை, கையில் பை, பையில் தண்ணீர் பாட்டில்.

"கிளம்புடி."

"எங்கே மன்னி?"

"நர்சிங் ஹோமுக்கு. ஒரு துண்டைத் தர மாட்டேன்னா என்ன அர்த்தம்? நம்ம உடம்புல எடுத்தது. என்னைத் தெரியும் அவாளுக்கு."

அவளை அங்கே யாருக்கும் தெரியவில்லை. குமாஸ்தா பழைய பதிலையே சொன்னார். மன்னி வரவேற்பு மேஜைக்கு முன்னால், நடைபாதையின் நட்டநடுவில், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து உரக்கப் பாராயணம் பண்ண ஆரம்பித்தாள். எங்கள் குழுவில் அவள் குரல்தான் பெரிய குரல். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. நோயாளிகள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். "உட்டுன் மாஷிமா, உட்டுன்" என்று எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினார் குமாஸ்தா. மன்னி தனக்குத் தெரிந்த வங்காளத்தையெல்லாம் திரட்டி, "டுக்ரோ தாவ்!" என்றாள். துண்டைக் கொடு. மறுபடி பாராயணம். அவளைத் தூக்கி நகர்த்த நான்கு பேராவது வேண்டும். அவர்களிடம் இருந்தது இரண்டு பேர்.

லீவில் இருந்த பரிசோதனை டாக்டர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். அரை மணியில் துண்டு கிடைத்தது. பிஸ்கட் டப்பாவில், இன்னும் பலருடைய துண்டுகளோடு, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருந்திருக்கிறது. விரல்நகம் அளவு. மெழுகுக்குள் நான்.

சோதனை முடிவை அந்தப் பெண் டாக்டர் நேரில் சொன்னாள். ஹார்மோனைத் தின்னும் வகை இல்லை. புரதம் முளைத்த வகையும் இல்லை. மாத்திரை எனக்கு ஆகாது. கூட வந்திருந்த மன்னி ஓவென்று அழுதாள். நான் கேட்ட கேள்விக்கு அம்பாள் பதில் சொல்லிவிட்டாள். யாரும் விரும்பிக் கேட்கும் பதில் இல்லை அது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது உண்மை ஒன்றுதான். ஆறுதல் கிடைத்திருந்தால் அதை நம்பி அந்த மாத்திரையையே விழுங்கிக்கொண்டு செத்திருப்பேன்.

கெடு முடியும் முன் கீமோ தொடங்கியது. பூஜை நாட்களில் தெருவே விளக்கும் மேளமுமாக இருக்க, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாளியோடு படுத்திருந்தேன். முடி போனது, ருசி போனது, கை நரம்புகள் கறுத்தன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நானே நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் கொடுமை. கஞ்சி கொண்டுவரும் மன்னி வாளியை அலம்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "ஒனக்கு ஏன்டி இந்த வகை வந்தது?" என்றாள். தெரியாது என்றேன். இன்றும் தெரியாது.

என் வகை திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் வந்துவிடும், அதைக் கடந்தால் பயம் குறையும் என்றாள் டாக்டர். கடந்துவிட்டேன். மன்னியின் வகை அப்படியில்லை. அது பல வருடம் தூங்கிவிட்டும் எழுந்திருக்கும். 2007-இல் அவள் இடுப்பெலும்பில் எழுந்தது. நான் இடிந்து போனேன். மன்னிதான் என்னைத் தேற்றினாள். அவள் கட்டி இன்னும் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது, அதை வேறு வழியில் பட்டினி போட இப்போது புது மாத்திரை இருக்கிறது என்றார்கள். அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள். "பாத்துக்கோ. இது உனக்கு ஆகாது. கண்ணு வைக்காதே."

மன்னி இரண்டு வருடமாக அந்த மாத்திரையில் கைத்தடியோடு நடக்கிறாள். பாராயணத்தை அவள் மாடியேற வேண்டாம் என்று கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம். சேர்ந்து வேண்டும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். ஒவ்வொருத்தியும் தன்னுடையதைத் தன் வாயால் தனியாகச் சொல்கிறாள். யாருக்கு ஆனது மாதிரி என்று யாரும் சொல்வதில்லை.

பயத்தோடு இதைப் படிக்கும் சகோதரிகளே, டாக்டரிடம் எந்த வகை என்று கேளுங்கள். அம்பாளிடம் உங்களுடையதைக் கேளுங்கள். அவளுக்கு முன்னுதாரணம் தேவையில்லை. பவானிபூர் பக்கம் வந்தால் வெள்ளிக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். ஒன்றே ஒன்றுதான் சங்கடம்: ஆளுக்கொரு வேண்டுதல் என்று ஆனபிறகு வெகுநேரம் ஆகிறது, சுண்டல் ஆறிப்போகிறது. பரவாயில்லை, ஆறின சுண்டலைத்தான் சாப்பிடுகிறோம்.