நூற்றுக்கு எட்டு

கட்டித் துணுக்கைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றிப் பிழைக்கும் சகாக்களே, நம் வேலையில் செல்களோடு மல்லுக்கட்டுவது சுலபம், ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு.

சாயம்

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் முனிரத்தினம், மனைவி லட்சுமியின் மார்புக் கட்டிப் பரிசோதனை முடிவு கேட்டு மூன்றாம் முறையாகத் திருத்தணியில் எங்கள் லேப் ஜன்னலில் வந்து நின்றார். கீமோ கொடுப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் அவர் கவலை. இன்னும் சாயமேற்றவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்த தொழிலாயிற்றே, துருவத் தொடங்கிவிட்டார். பெருகும் செல்லில் மட்டும் ஒரு புரதம் இருக்கும், அது பழுப்பாகும், மற்றவை நீலமாக நிற்கும், அதை எண்ணித்தான் டாக்டர் முடிவு சொல்வார் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அலசினா சாயம் வுடாதுங்களே மேடம்? ரிப்போர்ட்டு மாறிடப் போவுது."

மார்க்

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய முனிரத்தினம் டாக்டர் அறைக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, 'மார்க்கர்: எட்டு சதவீதம்' என்ற வரியை மனுஷர் மார்க் என்று படித்திருக்கிறார். முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ்!

நூறு செல்லில் எட்டுதான் பெருகுகிறது, குறைந்தால்தான் நல்லது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. உள்ளே போனபோது டாக்டரும் அதையே சொன்னார். மெதுவாக வளரும் ரகம், செல்கள் இன்னும் பழைய குணத்தை மறக்கவில்லை, ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்கும், கீமோ வேண்டாம். வெளியே வந்த லட்சுமி முந்தானையால் கணவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஒம்பதாவதுல கணக்குல எட்டு மார்க்குன்னு நைனா என்னை அடிச்சாரு மேடம். இன்னிக்கு அதே எட்டுக்கு பாவா அழுதுகினு கீறாரு."

முடி

கீமோவை நினைத்து லட்சுமி பயந்ததே முடிக்காகத்தான். இடுப்பு வரை தொங்கும் கூந்தல். பத்து நாள் கழித்து எங்கள் ஜன்னலில் பிரசாதத்தை நீட்டியவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மழமழவென்று மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். பதறிப்போய், யாராவது கீமோ கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"முடி கொட்டாம காப்பாத்துனா முடி குடுக்கறேன்னு மலை மேல வேண்டிக்கினேன் மேடம்."

ஃபெயிலானால் பாஸ், மொட்டையடித்தால் முடி தப்பியது என்று அர்த்தம், இந்தக் கணக்குப் பழகாதவர்கள் நம் தொழிலுக்கு வராமலிருப்பதே உத்தமம்.