ஆடு தின்னாத வேலி

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கிளம்பிய மறு வருஷம் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கி, வேதாரண்யத்தில் உப்பு வாரி, காலில் ஆறாத புண்ணோடு வந்த எனக்கு ஒரு கப்பல் வியாபாரி வீட்டில் தோட்ட வேலை கிடைத்தது. சாப்பாடு உண்டு. கூலி, முதலாளிக்கு ஞாபகம் வந்தால் உண்டு.

சைகோனிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி அவர் கொண்டுவந்த செடி ஒன்று மதில் ஓரம் நின்றது. ஆள் உயரம். ஒடித்தால் பால் வடியும். கிராமபோன் குழாய் மாதிரி வெளிர் ஊதாப் பூ. அந்தக் கடற்கரை மணலில் ரோஜா கருகிவிடும்; இது நான் தண்ணீர் ஊற்ற மறந்த நாளிலும் பூத்தது. என் கைராசி என்றார் முதலாளி. நானும் மறுக்கவில்லை.

சுரக்குடியிலிருந்து வைக்கோல் கொண்டுவரும் குத்தகை விவசாயி ஒருவர், செடியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றும் அதில் வாய் வைக்காத ஆட்டைத்தான் பார்த்தார். அவருடைய நாற்றங்காலை வருஷா வருஷம் ஆடுதான் மேய்ந்தது.

“முதலாளி, ரெண்டு குச்சி குடுங்க.”

“ரெண்டு எதுக்கு? வண்டி நெறைய ஏத்திக்கங்க. அல்லா குடுத்த செடி.”

நானும் அந்த வண்டியிலேயே ஏறிவிட்டேன்.

நாற்றங்காலைச் சுற்றி வரப்பில் வேலியாக ஊன்றிய குச்சியெல்லாம் துளிர்த்தது. ஆடுகள் வந்தன, முகர்ந்தன, போயின. ஊரே குச்சி கேட்டது. அவர் பெண் கொடுப்பவர் மாதிரி யோசித்து யோசித்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் ஒடிந்த கிளைகள் வாய்க்காலில் விழுந்தன. அழுகிவிடும் என்றிருந்தோம். தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு எழுந்தன. வாய்க்கால் வறண்ட பிறகும் பூத்தன.

குறுவைக்குத் தண்ணீர் வருமுன் வாய்க்காலைத் திறக்காவிட்டால், கடைமடையிலிருந்த அவர் நிலத்துக்குச் சொட்டு வராது. ஊர் வெட்ட இறங்கியது. வெட்டியதைக் கரையில் குவித்து வெயிலுக்கு விடுவது அங்கே முறை. கோரையெல்லாம் அப்படித்தான் செத்தது.

“துண்டு துண்டா வெட்டு தம்பி. முழுசா கெடந்தா பொழச்சுக்கும்.”

“பால் கண்ணுல தெறிக்குதுண்ணே.”

“கண்ணு ரெண்டு இருக்குல்ல?”

வாய்க்கால் சுத்தமானது. பிறகு ஒரு கோடை மழை பெய்தது. குவியலில் கிடந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடியானது. கரை சரிந்து எல்லாம் வாய்க்காலுக்குள் இறங்கியது.

ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், குட்டையில் மிஞ்சியதை இறைத்து அவர் நாற்று விட்டார். வந்த தண்ணீர் செடிக்காட்டில் முட்டி, மேலே இருந்தவர்கள் வயலுக்குள் வழிந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டினோம். வெட்டியது மிதந்துபோய்க் கீழ் மதகை அடைத்தது. நாற்று கருகிவிட்டது.

கருகிய நாற்றை ஆடாவது தின்னட்டும் என்று அவரே ஆடுகளை ஓட்டிவந்தார். அவை வேலியை முகர்ந்து திரும்பின.

“இப்ப மட்டும் என்ன மரியாதை வேண்டிக்கெடக்கு?” என்று கத்திவிட்டு, வழிவிட வேலியை வெட்டினார். ஆடுகள் உள்ளே போன பிறகும் வெட்டிய கிளைகளைக் கையில் ஏந்தியபடியே நின்றார்.

“தம்பி,” என்றார், “இத எங்க போடுறது?”